கருப்பும் மாநிறமும்: தோல் மருத்துவ நூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய ஊரில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். நாற்காலிக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருக்கிறது. மேல்தட்டுகளில் ஆங்கில மருத்துவ நூல்கள், கீழ்த்தட்டில் சித்த மருத்துவ நூல்கள். அதைப் பார்த்துவிட்டு பி.ஜி. மாணவர்கள், சித்த மருத்துவ நண்பர்கள், கிராமச் சுகாதார செவிலியர்கள், சில நேரம் நோயாளிகளே கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். யாருடைய வைத்தியத்துக்கும் இது மாற்று இல்லை. எந்த நூலில் என்ன தேடுவது என்பதற்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான்.

ஒருங்கிணைந்த தோல் மருத்துவம் என்றால் அலோபதி மாத்திரையோடு நாட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதா?

சேர்த்துக் கொடுப்பது சுலபம். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு. வழக்கமான தோல் மருத்துவத்தை விட்டுவிடாமல், உணவு, தூக்கம், மன உளைச்சல், மூலிகை, எண்ணெய் இவற்றில் எது சோதித்துப் பார்க்கப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்கிற துறை அது.

ஓர் உதாரணம். செதில் செதிலாகத் தோல் உதிரும் சொரியாசிஸ் உள்ளவர் ஒருவர் மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுவந்தார். கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மாத்திரை அது. அவரே பக்கத்து ஊரில் ஒரு கஷாயமும் வாங்கிக் குடித்துவந்தார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவேன் என்று பயம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் எகிறி நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரையா கஷாயமா, எது காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினோம். "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று முகம் சுளிக்காமல் கேட்கக் கற்றுக்கொடுத்தால், அந்த நூலுக்குக் கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிடும்.

நோயாளிகள் இந்த நூல்களை வாங்கலாமா?

வேண்டாம். ஒன்று, விலை ஆயிரக்கணக்கில். இன்னொன்று, நோய்ப் படங்கள் நிறைந்த அட்லஸைப் புரட்டினால் எல்லா நோயும் நமக்கே இருப்பதுபோல் தோன்றும். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது எங்களுக்கே அப்படித்தான் இருந்தது.

தோலை 1 முதல் 6 வரை வகை பிரிக்கிறார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பல வகைத் தோல் பற்றி எந்த நூலை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் இந்த எண்கள்தான் நிற்கும். அவை எதற்காகப் பிறந்தன என்று தெரியாமல் படித்தால் நூலையே தப்பாகப் படிப்போம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இருந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்த அளவுகோல் இது. அதற்கு முந்தைய வருடம், 1974-ல், அவரும் அவருடைய குழுவினரும் சொரியாசிஸுக்கு ஒரு புதிய சிகிச்சையை வெளியிட்டிருந்தார்கள்: சொராலென் வகை மருந்தை விழுங்கக் கொடுத்து, பிறகு நீண்ட அலை புற ஊதாக் கதிரைத் தோலில் பாய்ச்சுவது. 'பூவா' என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் குழுவில் மதுகர் பாதக் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் இருந்தார். கதிரின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் தோல் வெந்துவிடும். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று முடி நிறத்தையும் கண் நிறத்தையும் வைத்து ஊகித்தார்கள், சரிவரவில்லை. அதனால் நோயாளியிடமே கேட்டார்கள்: "வெயிலில் நின்றால் உனக்குச் சுடுமா, கருக்குமா?" அந்தப் பதிலை வைத்துப் பிரித்ததுதான் 1 முதல் 4 வரை. நான்கும் வெள்ளைத் தோலுக்கானவை. மாநிறத்துக்கு 5, கருப்புக்கு 6 என்று பின்னால் ஒட்டவைத்தார்கள்.

ஆக, அது வெயில் தாங்கும் அளவுகோல். நிறத்தின் அளவுகோலாகவோ இனத்தின் அளவுகோலாகவோ அது செய்யப்படவில்லை. உலகத்தின் பாதித் தோலைக் கடைசி இரண்டு மூன்று டப்பாக்களில் போட்டு அடைத்த கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் நம் ஊர்க் கதை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொராலென் என்ற பெயரே ஒரு செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. அந்தச் செடியின் விதைதான் நம் நாட்டு மருந்துக்கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கார்போகரிசி. வடக்கே பாகுச்சி என்பார்கள். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய வழக்கம். எகிப்தில் இதே வேலைக்கு இன்னொரு செடி இருந்தது. 1940-களில் கெய்ரோ மருத்துவர் எல் மோஃப்டி அதிலிருந்து எடுத்த மருந்தை வெண்புள்ளிக்குச் சோதித்தார். பூவா சிகிச்சையில் கொடுத்த மருந்து அந்த எகிப்துச் செடியிலும் உள்ள மெத்தாக்ஸிசொராலென். இப்படிப் பார்த்தால், பாஸ்டனில் தோலை எண் போட்டுப் பிரித்ததற்குப் பின்னால் நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கின் உறவுக்கார மருந்து ஒன்று நிற்கிறது. ஒருங்கிணைந்த மருத்துவம் புதிதாக வந்த மோகம் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

நாம் எந்த வகை?

பெரும்பாலும் 4, 5. சிலர் 6, சிலர் 3. ஒரே வீட்டில் அண்ணன் 4, தங்கை 5 என்றும் இருக்கும். நிறமிச் செல்களின் எண்ணிக்கை கருப்புக்கும் வெள்ளைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செல்லுக்குள் மெலனின் பொட்டலங்கள் எவ்வளவு பெரிதாக இருக்கின்றன, எப்படிப் பரவியிருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

எந்த நூலகத்திலும் பெரிய பெரிய தோல் மருத்துவ நூல்கள் இருக்கின்றனவே, அவை போதாதா?

நோய் எப்படி வருகிறது, எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் போதும். 1968-ல் முதல் பதிப்பு வந்த ரூக்ஸ் என்ற தோல் மருத்துவப் பெருநூலைப் படிக்காமல் யாரும் தோல் மருத்துவர் ஆகிவிட முடியாது. சிக்கல் வருவது நோயைக் கண்ணால் கண்டுபிடிக்கும் இடத்தில்.

பி.ஜி. படிக்கும்போது பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற திட்டுத் திட்டாக வரும் நோய் என்றால் "சால்மன் நிறம்" என்று மனப்பாடம் செய்தோம். எங்கள் பேட்சில் சால்மன் மீனைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. எங்களுக்குத் தெரிந்தது வஞ்சிரமும் நெத்திலியும். தோல் காசநோயைக் கண்ணாடித் தகடு வைத்து அழுத்தினால் "ஆப்பிள் ஜெல்லி" நிறம் தெரியும் என்று எழுதியிருக்கும். கருத்த தோலில் அழுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நிறத்தை உவமையாகச் சொன்னவர்கள் அவர்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து சொன்னார்கள். நாங்கள் அதையே எழுதி மார்க் வாங்கிவிட்டு, ஓ.பி.யில் உட்கார்ந்ததும் முழித்தோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சிவத்தல். வீக்கமோ அழற்சியோ இருந்தால் "தோல் சிவந்திருக்கும்" என்றுதான் எந்த நூலும் தொடங்கும். மாநிறத் தோலில் அது செம்மண் பழுப்பாக இருக்கும். கருநிறத் தோலில் நாவல்பழத் தோலின் நிறம், சில நேரம் சாம்பல். சொரியாசிஸ் திட்டு கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். எக்ஸிமா என்ற அரிப்புப் படை திட்டாகத் தெரியாமல், மயிர்க்கால் ஒவ்வொன்றும் புடைத்து, வாத்துத்தோல் மாதிரி சொரசொரப்பாக வரும். "சிவப்பில்லையே, அப்போ லேசாத்தான் இருக்கு" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. நோயின் தீவிரத்தை மதிப்பெண் போடும் முறைகளில் சிவப்புக்கென்று தனி மதிப்பெண் இருப்பதால், கருப்புத் தோல்காரருக்கு மார்க் குறைந்து மருந்தும் குறைந்துவிடும்.

படங்களின் பற்றாக்குறையை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் நான்கு மருத்துவப் பாடநூல்களின் நாலாயிரத்துச் சொச்சம் படங்களை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், கருத்த தோல் காட்டியவை 4.5 சதவீதம்தான். கருவிகளுக்கும் இதே கதி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததைக் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேரிடமும் வெள்ளையரில் 3.6 சதவீதம் பேரிடமும் கண்டுபிடிக்காமல் விட்டது என்று 2020-ல் தெரியவந்தது. கொரோனாக் காலத்தில் அதை வைத்துத்தானே வீட்டில் இருப்பதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முடிவெடுத்தோம்!

சரி, முதலில் எதை வாங்குவது?

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், சிவத்தல் என்ற சொல்லை அட்டவணையில் தேடி அந்தப் பக்கத்துக்குப் போங்கள். கருத்த தோலில் அது எப்படி இருக்கும் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா? பக்கத்தில் படம் உண்டா? இல்லையென்றால் திருப்பி வைத்துவிடலாம்.

கருத்த தோலுக்கென்றே எழுதிய நூல்களில், சூசன் டெய்லரும் பால் கெல்லியும் தொகுத்து 2009-ல் முதலில் வந்த நூலை நான் அதிகம் புரட்டுகிறேன். முகத்தில் படரும் மங்கு, தழும்பு வளர்ச்சியான கெலாய்டு, புண் ஆறியபின் நிற்கும் கருந்தடம், முடி இழுத்துக் கட்டுவதால் வரும் வழுக்கை, எல்லாமே விரிவாக இருக்கும். குறையும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களை மனதில் வைத்து எழுதியது. சுருள்முடி பற்றிய பக்கங்களை நான் தாண்டிப் போய்விடுவேன்.

ஒருங்கிணைந்த மருத்துவப் பக்கம், ராபர்ட் நார்மன், பிலிப் ஷெனஃபெல்ட், ரீனா ரூபானி மூவரும் தொகுத்து 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நூல் ஒரு நல்ல தொடக்கம். பரப்பு அகலம், ஆழம் சில இடங்களில்தான். ஹிப்னாசிஸ் முதல் உணவு வரை எல்லாவற்றையும் தொடுகிறது. ஆனால் இந்த இரண்டு நூல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மூலிகை நூலில் கருந்தோல் குறைவு. கருந்தோல் நூலில் மூலிகை குறைவு. மஞ்சளும் மாநிறமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும், பதிப்பகங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

இந்திய நூல் தனியாக வேண்டுமா?

கட்டாயம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் வெளியிடும் பாடநூல் என் அலமாரியில் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. பல இடங்களில் அச்சு சுமார்தான், சில அத்தியாயங்கள் ஒன்றையே இரண்டு முறை சொல்லும். இருந்தாலும் நம்முடைய பழக்கவழக்கங்கள் தோலில் போடும் கையெழுத்தை அறிய இந்திய நூல்கள்தான் கதி.

ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் வந்து ஒரு பெண்மணி அழுதபடி வருகிறார். குடும்பத்தில் எல்லோரும் வெண்புள்ளி என்று முடிவுகட்டி, மகள் கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பேச்சு வரை போய்விட்டது. பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வகை பியூட்டைல்ஃபீனால் நிறமிச் செல்லைக் கொன்றதால் வந்த தடம் அது. ஸ்டிக்கரை நிறுத்தி, காத்திருந்தால் பலருக்கு நிறம் திரும்பும். வெளிநாட்டு நூல்களில் பசை, ரப்பர் என்று பொதுவாக இருக்கும்; நெற்றிப்பொட்டு என்று எழுத நம் ஆட்கள்தான் வேண்டும்.

பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் வரும் கருப்பு, நைலான் நாரால் முதுகைத் தேய்த்துத் தேய்த்து வரும் கருந்திட்டு, டை அடித்து நெற்றியோரம் கருப்பது, எல்லாம் இந்த வகைதான். 1945-லேயே பம்பாயின் கானோல்கரும் சூர்யாபாயும் வேட்டி இறுகக் கட்டும் இடுப்பில் வரும் புற்றுநோயை விவரித்து எழுதியிருக்கிறார்கள். வேட்டிக்குப் பெயர் போன நம் ஊரில் அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

சித்த மருத்துவ நூல்களை இவற்றோடு சேர்த்து எப்படிப் படிப்பது?

பெயரில் வழுக்காமல் படிக்க வேண்டும். காளாஞ்சகப்படை என்றால் சொரியாசிஸ் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். கரப்பான் அப்படி இல்லை; பதினெட்டு வகை சொல்கிறார்கள், எக்ஸிமா அதில் ஒரு பகுதி. குட்டம் இன்னும் மோசம். சித்த நூலில் பல தோல் நோய்களுக்கான பொதுப்பெயர் அது. பேச்சு வழக்கிலோ தொழுநோய். இந்தக் குழப்பத்தால் வெண்புள்ளிக்காரர்கள் வெண்குஷ்டம் என்ற பெயரைச் சுமந்து பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நான் வைத்திருப்பவை முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பும், தியாகராஜனின் சித்த மருத்துவம் சிறப்பு நூலும். இரண்டும் சித்த மருத்துவக் கல்லூரிப் பாடநூல்கள். முதலாவது மூலிகை ஒவ்வொன்றின் சுவை, தன்மை, செய்கை, செய்முறை என்று போகும். எனக்குப் பிடித்த பக்கம் வெட்பாலை. இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், பச்சை இலை போட்ட எண்ணெய் கண்முன்னே ஊதா நிறத்துக்கு மாறும். காளாஞ்சகப்படைக்கு அதைப் பூசுவார்கள். நீலச்சாயம் எடுக்கப் பயன்பட்ட மரம் அது. அங்கே தைவானில், நீலச்சாயம் தரும் செடிகளிலிருந்து எடுத்த நீலத்தைக் களிம்பாக்கி 42 சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் களிம்பைவிடத் தெளிவாக வேலை செய்தது. இரண்டும் ஒரே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. குணபாடத்தில் ஒரு வரியைப் படித்தவுடன் ஆங்கில மருத்துவத்தில் சோதனை நடந்திருக்கிறதா என்று தேடத் தோன்ற வேண்டும். அதற்குத்தான் இரண்டு தட்டும் ஒரே அலமாரியில்.

மூலிகை, எண்ணெய் வகைகளில் எதற்குத்தான் நல்ல சான்று இருக்கிறது?

பட்டியல் போட்டால் நீண்டுவிடும். அடிக்கடி கேட்கப்படுவதை மட்டும் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெய்: பிலிப்பைன்ஸில் அட்டோபிக் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் மினரல் ஆயிலோடு ஒப்பிட்டுச் சோதித்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், செக்கில் ஆட்டியதுபோன்ற வெர்ஜின் எண்ணெய் முந்தியது. குழந்தையின் காய்ந்த தோலுக்குத் தாராளமாகப் பூசலாம். அதே எண்ணெயை முகப்பரு உள்ள பையன் நெற்றியில் வழியவிட்டால் பரு கூடும். பொடுகு பிடித்த தலைக்கும் அது தீனி போட்ட மாதிரி.

ஆலிவ் எண்ணெய்: ஃபாரின் சரக்கு என்று கைக்குழந்தைக்குத் தேய்க்கிறார்கள். தோலின் மேல்தடுப்பை அது பலவீனப்படுத்துவதாக 2013-ல் ஆய்வு வந்தது. நான் வேண்டாம் என்கிறேன்.

டீ ட்ரீ எண்ணெய்: 1990-ல் ஆஸ்திரேலியாவில் முகப்பரு உள்ள 124 பேரிடம் 5 சதவீத ஜெல்லை, வழக்கமான பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். மெதுவாகக் கேட்டது; எரிச்சல் குறைவு. நீர்க்காமல் அப்படியே பூசினால் ஒவ்வாமை வரும்.

பாகுச்சியால்: கார்போகரிசியிலிருந்து எடுக்கும் இன்னொரு பொருள், சொராலென் கிடையாது. 44 பேரிடம், முகச்சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலோடு ஒப்பிட்டு 2019-ல் வெளிவந்த சிறு சோதனைதான் இன்றைய விலையுயர்ந்த சீரம் பாட்டில்களுக்கெல்லாம் முதலீடு. 44 பேர் என்பது ஒரு மினி பஸ் கூட்டம்.

இயற்கை மருந்துதானே, பக்கவிளைவு இருக்காதே?

ஊமத்தங்காயும் இயற்கைதான்.

கார்போகரிசியை அரைத்துப் பூசி உச்சி வெயிலில் அரைமணி நின்று, கொப்புளம் வெடித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொப்புளம் ஆறிய இடம் கருத்து, வெண்புள்ளியின் வெள்ளையும் கருப்பும் அருகருகே நின்று முன்பைவிட எடுப்பாகத் தெரியும். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டி மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்ததாக 2004-ல் ஒரு ஆய்வு வந்தது.

சிவப்பழகு க்ரீம்களின் பாதரசம் தனிக்கதை. கேரளத்தின் மலப்புறம் பகுதியில், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 15 பேரை விசாரித்ததில் 13 பேர் இந்த க்ரீம் பூசியவர்கள். பெயர் போட்ட டப்பாகூட இல்லை, சிலவற்றில் தயாரித்தவர் விலாசமே கிடையாது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது.

அதனால் ஒருங்கிணைந்த மருத்துவ நூல் வாங்கும்போது எனக்கு இரண்டாவது சோதனை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மூலிகையின் பக்கத்தைத் திறந்து, நன்மைக்கு எத்தனை வரி, தீமைக்கு எத்தனை வரி என்று எண்ணுவேன். தீமைக்கு வரியே இல்லாத நூல் விளம்பரத் தாள்.

ஸ்டீராய்டு க்ரீம் பற்றி இந்த நூல்களில் ஏன் இவ்வளவு எழுதுகிறார்கள்?

நம் நாட்டுத் தோலுக்கு நாமே செய்துகொண்ட கேடு அது. முகத்துப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பல ஊர்களில் பரிசோதித்து 2011-ல் வெளியான இந்திய ஆய்வில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நிறம் கூடுகிறது என்பதுதான் பலருக்கும் காரணம். பூசினால் முதல் இரண்டு வாரம் பளபளவென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், பரு கொட்டும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரியும். எரிவதால் மறுபடி பூசுவார்கள்.

பெண்ணின் கைப்பையைத் திறந்து க்ரீமைக் காட்டச் சொன்னால் ட்யூபின் வால்பகுதி பற்பசை மாதிரி சுருட்டிச் சுருட்டி நசுக்கப்பட்டிருக்கும். எத்தனையாவது ட்யூப் என்று கேட்டால் "ஒண்ணு ரெண்டுதான் சார்" என்பார். கூட வந்த அம்மா பின்னாலிருந்து கையை விரித்துக் காட்டுவார். கொடுத்தது யார் என்று கேட்டால் பெரும்பாலும் மெடிக்கல் ஷாப், பியூட்டி பார்லர், அல்லது பக்கத்து வீட்டு அக்கா.

2018-ல் பதினான்கு வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது மத்திய அரசு. சீட்டு கேட்கும் கடைகளும் இருக்கின்றன என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

இதே ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைப் படர்தாமரைக்குப் பூசியதால் அரிப்பு அடங்கி, பூஞ்சை அடங்காமல் பரவியது. இந்தியாவில் பெருகிய, டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரைக்கே பல இடங்களில் மசியாத பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைகோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. பெருமைப்படுகிற விஷயம் இல்லை. இந்தப் பூஞ்சை பெருகுவதற்கு முந்திய நூலில் படர்தாமரைப் பகுதியைப் படித்துச் சிகிச்சை கொடுத்தால் நோயாளி மூன்று வாரத்தில் திரும்பி வருவார். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கென்றே கௌஷிக் லாஹிரி தொகுத்து 2018-ல் ஸ்பிரிங்கர் வெளியிட்ட நூல் இருக்கிறது, பி.ஜி. மாணவர்கள் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியது.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

படங்களுக்காக வாங்கலாம், மருந்துப் பக்கங்களுக்காக வேண்டாம். பூஞ்சை, சொரியாசிஸ் ஊசி மருந்துகள், லேசர் இம்மூன்றும் சீக்கிரம் காலாவதியாகும் அத்தியாயங்கள். டெலிகிராமில் வரும் பி.டி.எஃப். பற்றிக் கேட்காதீர்கள். திருட்டு என்பது ஒருபுறம். நிறம் வெளுத்த ஸ்கேனில் மாநிறமும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரியும் நூலை வைத்து நிறம் படிப்பதில் என்ன பிரயோஜனம்?

காசில்லாமல், முறையாகக் கிடைப்பது ஏதாவது?

நிறைய உண்டு. லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே, "கருப்புத் தோலில் இது எப்படி இருக்கும்?" என்று வகுப்பில் கேட்டுப் பதில் கிடைக்காமல், இரண்டு ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்ட 'மைண்ட் த கேப்' கையேடு இலவசம். சிறியது, ஒரு மாலையில் படித்துவிடலாம். சொற்களைக் கவனித்துப் படியுங்கள். "சிவந்திருக்கும்" என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று சொல்லித்தருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட, தோலைப் பார்த்துப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களை அறியும் வழிகாட்டியும் இலவசம். செவிலியர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். நம்மிடம் இன்னும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவுக்குப் புதிதாகத் தொழுநோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தேமல் என்ற ஒரே சொல்லில் பூஞ்சைத் தேமல், பிள்ளைகள் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு, தொழுநோயின் உணர்ச்சியற்ற திட்டு மூன்றையும் போட்டுவிடுகிறோம். பஞ்சுத் திரியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லும் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் எந்த இலைச்சாறும் பூசாதீர்கள், எந்த ஆயின்மென்ட்டும் எழுதாதீர்கள்.

என் மகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்கிறது. எலுமிச்சையும் கடலைமாவும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இதற்கு எந்த நூலில் மருந்து?

நூலைக் கேட்டு வந்த அம்மா இல்லை இவர். ஆனாலும் வாரத்துக்கு நான்கு பேர் கேட்பதால் இங்கே சேர்த்தேன். அழுக்கு இல்லை அது. தொட்டுப் பார்த்தால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததைக் கழுத்து காட்டிக்கொடுக்கிறது. தேய்க்கத் தேய்க்கக் கூடுதலாகக் கருக்கும். சர்க்கரையும் எடையும் மாதவிடாய் ஒழுங்கும் பார்க்க வேண்டும். உணவு, உடற்பயிற்சி, தூக்கம் என்று ஒருங்கிணைந்த மருத்துவ நூல்கள் பேசுவது வெறும் பேச்சாக இல்லாமல் உண்மையிலேயே முதல் மருந்தாக நிற்கும் இடம் இது.

தமிழில் படங்களோடு ஒரு அட்லஸ் உண்டா?

என் அலமாரியில் இல்லை. யாராவது செய்தால் முதல் பிரதிக்கு நான் காசு தருகிறேன்.

நூலில் எங்கும் இல்லாத மாதிரி ஒரு நோயைப் பார்த்தால் என்ன செய்வது?

படம் எடுத்து வையுங்கள். சம்மதத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு. ஃபிளாஷ் போடாதீர்கள்; கருத்த தோலில் எண்ணெய்ப் பளபளப்பு மட்டும்தான் விழும். ட்யூப் லைட்டும் வேண்டாம், நீலம் கூட்டிவிடும். காலை பத்து மணிக்குள் வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நிற்கவைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி ஒன்று. மேடும் பள்ளமும் இரண்டாவதில்தான் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல். செல்போனின் அழகுபடுத்தும் ஃபில்டர் அணைந்திருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். நானே ஒரு முறை, முகத்தில் இருந்த மங்கு எங்கே என்று படத்தில் தேடியிருக்கிறேன். கடைசியாக, அதே ஆளின் நோயில்லாத தோலையும் ஒரு படம், முன்கையின் உள்பக்கம் போதும். எவ்வளவு கருத்திருக்கிறது, எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை அவருடைய சொந்த நிறத்தோடு வைத்துத்தான் சொல்ல முடியும்.